ஒசாகாவுக்குப் போகாத பெட்டி

நீல ஓட்டு முட்டைகள் ஒன்பது.
ஏழு பொரிந்தன.
எட்டாவதில் நண்பகலில் ஒரு துளை,
இரவு பத்துக்கும் அதே துளை,
உள்ளே ஊசிமுனையளவு கீச்சு.

உரிக்காதே,
உட்சவ்வில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்றாள்
நாத்தனார் எடுவினா, தொலைபேசியில்.
எனக்குப் பொறுக்கவில்லை.
சால்மன் ஆலையில்
நாளுக்கு நாலாயிரம் வயிறு கிழிக்கிற கை இது.
கிழித்தேன்.
விரல் நுனியில் ஒரு சிவப்பு.
விடியுமுன் முடிந்துவிட்டது.
அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

ஒன்பதாவது தானாக வந்தது.
யாரும் தொடவில்லை, நான் கையைக்
கம்பளிக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன்.
வந்ததும் வராததுமாய்
ஒரு கால் கிழக்கே, ஒரு கால் மேற்கே,
கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.
நடுவில் வயிறு தரையில் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்து ஒலேகாரியோ எட்டிப் பார்த்தார்.
கழுத்தைத் திருகினால் அரை நொடி,
இதற்குப் போய் விறகைச் செலவழிக்கிறாயே என்றார்.
விறகு என்னுடையது என்றேன்.

ஆலையிலிருந்து கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டி,
மூடியில் பெரிதாய் ஒசாகா என்று முத்திரை.
அதில் பழைய துண்டு, துண்டின்மேல் அது.
காயத்துக்கு ஒட்டும் பட்டையை நீளவாக்கில் வெட்டி
இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன்.
சர்க்கரைத் தண்ணீரை
அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு.
ஓரத்தில்தான். தொண்டைக்குள் விட்டால்
நுரையீரலுக்குப் போய்விடும்.
பின்பக்கம் அடைத்துக்கொண்டதை
வெந்நீர்ப் பஞ்சால் துடைத்தேன்.
பிறகு இன்னொரு சொட்டு.

சீலோயே தீவில் மழைக்கு நாள் கிழமை கிடையாது.
அன்றிரவு காற்றும் சேர்ந்துகொண்டது,
மின்சாரம் போனது, பல்பு அணைந்தது.
அடுப்பில் சுட்ட தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி
என் சட்டைக் கையால் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன்.
ஆறியது. மறுபடி ஊற்றினேன்.
மூன்று மணிக்கு மேல் பாட்டிலை நம்பாமல்
அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு
நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.
சாய்ந்தால் நசுங்கும்.
அதன் இதயமா என் இதயமா
எது அவ்வளவு அவசரப்பட்டது
என்று இன்னும் தெரியாது.

காலையில் மேற்பார்வையாளர் ஒயார்சோவை அழைத்தேன்.
வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை, வர இயலாது.
யாருக்கு?
சின்னதுக்கு.
வயது?
இரண்டு நாள்.
மறுமுனையில் ஐஸ் இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.
எனக்கு ஐம்பத்தொன்று.
யார் பெற்றது என்று கேட்க அவருக்குக் கூச்சம்,
சொல்ல எனக்குச் சோம்பல்.
உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது.
நோல்ஃபா, இஸ்மேனியா, புதிதாய்ச் சேர்ந்த ஒருத்தி.
கையில் உருளைக்கிழங்கு அடை,
இரண்டு பால் டப்பா,
மஞ்சள் கம்பளியில் பின்னிய
கட்டைவிரல் நீளக் காலுறை ஒரு ஜோடி.
எங்கே என்றார்கள், குரலைத் தாழ்த்தி.
ஒசாகா கீச்சென்றது.

நோல்ஃபா சிரித்துச் சிரித்து
அடையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
புதியவள் பால் டப்பாவை
முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.
எங்கள் வரிசையில் கத்தி வேகம் இஸ்மேனியாவுக்குத்தான்.
அவள் சிரிக்கவில்லை.
குஞ்சை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.
கட்டு ரொம்ப அகலம், ஒரு விரல் இடைவெளி போதும்
என்று அவிழ்த்துக் கட்டினாள்.
கட்டிவிட்டு, காலுறை ஒன்றுக்குள்
தலை மட்டும் தெரிய இறக்கினாள்.
அளவு சரியாக இருந்தது.
மற்றதைத் திருப்பிக் கேட்கவில்லை.

திங்களன்று
கையுறை மாட்டும்போது ஒயார்சோ வந்தார்.
எப்படி இருக்கிறது?
நிற்கிறது, லேசாய் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆனால் நிற்கிறது
என்றேன்.
ஐந்து நாளிலா? என்றார்.
வரிசை நகரத் தொடங்கியிருந்தது.
கத்தி தீட்டுகிற சத்தத்தில்
எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.